யாரும் கூப்பிடாத மூன்று வாரம்

அந்த அலுவலகத்தில் எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கணக்குப் பிரிவில் தலை நரைத்த ஒரு மனிதர் இருக்கிறார், அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவரே "அக்கா, ஒரு நிமிஷம்" என்றுதான் வந்து நிற்பார். வீட்டில் ஒரே தங்கை, அவளுக்கும் அக்கா. ஆக நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்வோம், வம்பில்லை.

பார்சல் நிறுவனம் அது. கடைக்காரர்கள் விற்கிற சாமான்களை வாங்கியவர் வீட்டு வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. இந்தக் காலத்தில் எந்தக் கடையும் போன் போட்டு "என் பார்சல் எங்கே?" என்று கேட்பதில்லை. கடையின் கம்ப்யூட்டர் பார்சல் நிறுவனத்தின் கம்ப்யூட்டரிடம் கேட்கும், அது பதில் சொல்லும். எப்படிக் கேட்க வேண்டும், பதில் எப்படி வரும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்கிற ஏற்பாட்டுக்குத்தான் ஏபிஐ என்று பெயர். பதில் ஜேசன் என்கிற வடிவத்தில் வரும். அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. "எடை" என்று ஒரு பெயர், பக்கத்தில் எவ்வளவு என்று ஒரு மதிப்பு. "நிலை" என்று ஒரு பெயர், பக்கத்தில் "வண்டியில் ஏறிவிட்டது" என்று ஒரு மதிப்பு. எல்லாம் ஒரு வளைந்த அடைப்புக்குறிக்குள் சமத்தாக உட்கார்ந்திருக்கும். அக்காவின் வேலை இந்த ஏபிஐயைப் பார்த்துக்கொள்வது.

அக்காவின் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜும் ஏசியும் ரிப்பேர் செய்கிற மெக்கானிக். சாப்பிடும்போதுகூட அவள் போனில் ஜேசன் ஜேசன் என்று பேசுவதைக் கேட்டுக் கேட்டு, "யாரும்மா அந்த ஜேசன்? ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வா, நானும் ரெண்டு வார்த்தை கேட்டுக்கறேன்" என்பார். வருஷக்கணக்காக இதே ஜோக். அக்காவும் வருஷக்கணக்காக முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

சரி, போனில் அப்படி என்ன பேச்சு என்று கேட்கிறீர்களா? அங்கேதான் இருக்கிறது வினை.

அந்தப் பழைய ஏபிஐயை ஒருவர் கட்டவில்லை. ஆளாளுக்கு வந்தார்கள், அவரவர் இஷ்டத்துக்கு ஒரு துண்டு கட்டினார்கள், வேறு வேலை கிடைத்ததும் கிளம்பிப் போனார்கள். பார்சல் பதியும்போது எடை கிலோவில். விலை கேட்கும்போது அதே எடை கிராமில். ஓர் இடத்தில் தேதிக்கு நாள் முதலில், இன்னோர் இடத்தில் மாதம் முதலில். பார்சல் ஒரே ஒரு ஊரில் நின்றிருந்தால் அந்த ஊர் தனியாக வரும், இரண்டு ஊரில் நின்றிருந்தால் பட்டியலாக வரும், எங்குமே நிற்கவில்லை என்றால் பெயரும் மதிப்புமாகச் சேர்ந்த அந்த ஃபீல்டே காணாமல் போய்விடும். இதைவிடக் கொடுமை, இல்லாத பார்சலைப் பற்றிக் கேட்டால் முதல் வரியில் "வெற்றி" என்று வரும், உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் "பார்சல் இல்லை" என்று முனகும். என்ன வெற்றியோ!

இத்தனை கோணல்களும் அக்காவுக்கு மனப்பாடம். வேறு யாருக்கும் தெரியாது, எங்கேயும் எழுதியும் வைக்கவில்லை. கடைகளுக்கு நிரல் எழுதுகிற டெவலப்பர்கள் முட்டிக்கொள்ளும்போதெல்லாம் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் நின்ற நிலையில் சொல்லுவாள். "அங்க கிலோ இல்லைப்பா, கிராம்." "அந்த வெற்றியை நம்பாதீங்க, உள்ள போய்ப் பாருங்க." காய்கறி வாங்கும்போதும் சொல்லுவாள், பல் டாக்டர் அறை வாசலில் காத்திருக்கும்போதும் சொல்லுவாள். "அக்கா இருக்கிறவரைக்கும் கவலையில்லை" என்று மேலாளர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பார். உண்மையைச் சொன்னால் அக்காவுக்கும் அதில் உள்ளூர ஒரு குளிர்ச்சிதான். தான் இல்லாமல் ஒன்றும் நகராது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

தங்கைக்குப் பிடிக்காது.

தங்கையின் கல்யாணத்தன்று மண்டபத்தின் பின்படிக்கட்டில் நின்றுகொண்டு, ஒரு செருப்புக் கடையின் டெவலப்பருக்குத் தேதி எழுதும் முறையை விளக்கிக்கொண்டிருந்தாள் அக்கா. திரும்பி வந்தபோது முக்கியமானதெல்லாம் முடிந்திருந்தது. அம்மா அப்பா இல்லாத வீடு, கூட நிற்க வேண்டிய ஒரே ஆள் படிக்கட்டில். தங்கை அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் சொல்லாத நாளில்லை. "என் கல்யாணத்துக்கு எங்க அக்கா வந்திருந்தா, ஆனா வரலை" என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புதான். ஆனால் அக்காவுக்குச் சுருக்கென்று இருக்கும்.

அந்தத் தங்கை கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து, நாற்பதை எட்டிப் பிடிக்கிற வயதில், உண்டாகியிருந்தாள். அவள் புருஷன் கப்பலில் இன்ஜினியர், குழந்தை பிறந்து ஒரு மாதம் கழித்துத்தான் கரைக்கு வர முடியும். வேறு ஊர். பக்கத்தில் ஆளில்லை. டாக்டர் நாள் குறித்ததும் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நீ வரணும்."

"வராம? இதெல்லாம் ஒரு கேள்வியாடி?"

"வர்றேன்னா முழுசா வா. அந்தப் போனோட வர்றதா இருந்தா வராதே. நான் பாட்டுக்கு ஒரு நர்ஸை வெச்சுக்கறேன். நான் விளையாட்டுக்குச் சொல்லலை."

விளையாட்டுக்கு இல்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. இன்னொரு முறை படிக்கட்டில் நின்றால் தங்கை மன்னிக்கவே மாட்டாள். அவள் மன்னித்தாலும் அக்காவால் தன்னையே மன்னிக்க முடியாது.

மறுநாள் மேலாளரிடம் போய் மூன்று வாரம் லீவு, போனும் கிடையாது என்றாள். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"போன் இல்லாமலா? அக்கா, என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? ரெண்டாம் நாளே கடைக்காரங்க என் சட்டையைப் பிடிப்பாங்க."

"புது ஏபிஐ ஒண்ணு எழுதறேன் சார். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லாத மாதிரி."

"எழுதறதெல்லாம் சரி. நிஜமாவே கேட்க மாட்டாங்கன்னு நான் எப்படி நம்பறது?" பேனாவின் மூடியைக் கடித்தபடி யோசித்தார். பேனா மூடி கடித்தால் அவருக்கு ஏதாவது தோன்றிவிடும், அது அந்த அலுவலகத்துக்குத் தெரிந்த சமாச்சாரம். "ஒண்ணு பண்ணுவோம். எழுதி முடிங்க. வெளியில இருந்து ஒரு டெவலப்பரைக் கூப்பிட்டு இங்கயே உட்கார வெப்போம். எப்படிக் கேட்கணும்னு நீங்க எழுதற டாக்குமெண்ட் மட்டும் கையில குடுப்போம். பார்சல் பதியறதுல இருந்து ரத்து பண்றதுவரைக்கும் எல்லாத்தையும் அவர் செஞ்சு முடிக்கணும். உங்களை ஒரே ஒரு கேள்வி கேட்டார்னாலும் லீவு கிடையாது. நீங்களா வாயைத் திறந்தாலும் கிடையாது."

"யாரைக் கூப்பிடப் போறீங்க?"

மேலாளர் சிரித்தார். "சந்தேகத்தை."

சந்தேகம் என்பது ஒரு பொம்மைக் கடையின் டெவலப்பருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர். எதையும் கேட்காமல் நம்பாத மனிதர். "வணக்கம்" என்று சொன்னால்கூட எந்த அர்த்தத்தில் என்று கேட்பார் என்று கேலி பேசுவார்கள். அக்காவின் போனில் அதிகமாக வந்த எண் அவருடையதுதான்.

வேறு வழி? உட்கார்ந்தாள்.

புது ஏபிஐயை எழுதும்போது அக்கா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். பாதியைக் காட்டிவிட்டு மீதி எப்படி இருக்கும் என்று எதிரில் இருக்கிறவரை ஊகிக்கச் சொல்லுவாள். வரவேற்பில் இருக்கிற பெண், கிடங்கிலிருந்து வருகிற சூப்பர்வைசர், தண்ணீர் கேன் போடுகிறவர், யாரையும் விட்டுவைக்கவில்லை. அவர்கள் ஊகித்ததும் இவள் எழுதியதும் வேறு வேறாக இருந்தால், எழுதியதை அடித்துவிட்டு ஊகித்ததைப் போடுவாள். "அவங்களுக்குத் தெரியாது, அதனாலதான் கேட்கறேன்" என்பாள். சிலர் நன்றாகத்தான் உளறுவார்கள். தண்ணீர் கேன்காரர் எல்லாக் கேள்விக்கும் "நீங்க எது சொன்னாலும் சரிதான் மேடம்" என்று நழுவிவிட்டார்.

வீட்டிலும் அதே கூத்து. வீட்டுக்காரர் கை கழுவிக்கொண்டிருப்பார், பின்னால் போய் நிற்பாள்.

"ஒரு பார்சல் எங்கெங்க நின்னுதுன்னு கேட்டா ஊர்ப் பேரெல்லாம் ஒரு பட்டியலா வரும், சரியா? ஒரே ஊர்லதான் நின்னுதுன்னா?"

"பட்டியல்ல ஒரே ஊர் இருக்கும்."

"எங்கயுமே நிக்கலைன்னா?"

"காலிப் பட்டியல் வரும். பட்டியலே வராம போனா, நீ குடுக்க மறந்துட்டேன்னுல்ல நினைப்பேன்?"

"பாருங்க, இது எவ்வளவு சாதாரணமா உங்களுக்குத் தெரியுது!"

"தெரியாம என்ன? ஏன் சம்பளம் வாங்காம உனக்கு வேலை பார்க்கறேன்னுதான் தெரியலை."

"சரி, பார்சலை ரத்து பண்ணணும்னா என்ன பண்ணுவீங்க?"

"உனக்குப் போன் போட்டுத் திட்டுவேன்" என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள். சிரித்த சிரிப்பில் அந்தக் கேள்வி அப்படியே நின்றுபோனது. அதற்கப்புறம் அக்கா ரத்து செய்வதைப் பற்றி யாரையும் கேட்கவில்லை. அந்தப் பகுதி அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு, முன்பு கிடங்கில் வேலை பார்த்த காலத்திலிருந்தே தெரிந்தது. கடகடவென்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள்.

கொஞ்சம் கொஞ்சமாக அது ஓர் உருவத்துக்கு வந்தது. எடை எங்கே வந்தாலும் கிராம்தான். தேதி எங்கே வந்தாலும் வருஷம், மாதம், நாள் என்று ஒரே வரிசை. ஒன்றுக்கு ஓர் இடத்தில் என்ன பெயரோ எல்லா இடத்திலும் அதே பெயர். தப்பு நடந்தால் முதல் வரியிலேயே தப்பு என்று சொல்லிவிடும், வெற்றி என்று மழுப்பாது. அந்தத் தப்பைச் சொல்லுகிற விதத்தில் அக்கா ரொம்பப் பிடிவாதமாக இருந்தாள். எந்த ஃபீல்டில் தப்பு, என்ன அனுப்பினீர்கள், என்ன அனுப்பியிருக்க வேண்டும், இந்த மூன்றும் ஒவ்வொரு பதிலிலும் கட்டாயம் வர வேண்டும் என்றாள். ஒவ்வொன்றுக்கும் கையால் எழுதினால் எங்கேயாவது விட்டுப்போகும் என்று, எல்லா ஃபீல்டுக்கும் தானாகவே வருகிற மாதிரி, பதில் சொல்லுகிற சர்வர் கம்ப்யூட்டரிலேயே வைத்துவிட்டாள். கூட வேலை செய்தவர்கள் "இவ்வளவு எதுக்கு அக்கா?" என்று அலுத்துக்கொண்டார்கள். "நான் ஊர்ல இருக்க மாட்டேன்ல?" என்றாள்.

சோதனை நாள் வந்தது. சந்தேகம் காலையிலேயே வந்துவிட்டார். தோளில் லேப்டாப் பை, கையில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில், சண்டைக்கு வந்தவர் போல. கூட்ட அறையின் நீள மேஜையில் உட்கார்ந்தார். பின்னால் சுவரோரம் ஒரு நாற்காலியில் அக்கா. பக்கத்தில் மேலாளர், வாயில் பேனா மூடி.

"நான் எதுவும் கேட்கக் கூடாதா?" என்றார் சந்தேகம்.

"கேட்கலாம்" என்றார் மேலாளர். "கேட்டா அக்காவுக்கு லீவு கிடைக்காது. அவங்க தங்கச்சிக்குப் பிரசவம்."

"அட, இதை ஏன் என்கிட்ட சொன்னீங்க? எனக்கு இப்ப கையே ஓடாதே!" என்றார் சந்தேகம். அப்புறம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இருந்தாலும் புரியலைன்னா கேட்டுடுவேன். எனக்குப் பொய்யாத் தலையாட்டத் தெரியாது."

"பொய்யாத் தலையாட்டவே வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்த அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முதலில் பார்சல் பதிந்தார். பழைய பழக்கத்தில் எடையை "இரண்டு கிலோ" என்று எழுத்தில் அடித்தார். பதில் பட்டென்று வந்தது: தப்பு, "எடை" ஃபீல்டில், நீங்கள் அனுப்பியது எழுத்து, வேண்டியது கிராமில் ஒரு முழு எண். "ஓகோ" என்று திருத்தினார். தேதியிலும் அதே போல ஒரு முறை முட்டிக்கொண்டார், அதுவும் அதே மாதிரி பதில் சொன்னது, ஒரு மாதிரித் தேதியையும் காட்டியது. அனுப்பினார். அந்த நேரம் பார்த்து நெட் சுணங்கியது. திரையில் ஒன்றும் வரவில்லை. மனிதர் பொறுமையில்லாமல் இன்னொரு முறை அனுப்பினார்.

அனுப்பிவிட்டு, ஐயோ என்று தலையில் கை வைத்தார். பழைய ஏபிஐயில் இப்படி இரண்டு முறை அனுப்பினால் இரண்டு பார்சல் பதிவாகும், இரண்டு வண்டி கிளம்பும், ஒரே வீட்டு வாசலில் ஒரு பையன் மணியடிக்க இன்னொருவன் பின்னாலேயே வந்து நிற்பான். அவசரமாகப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். ஒரே ஒரு பார்சல்தான் இருந்தது. டாக்குமெண்டைத் திருப்பினார். ஒவ்வொரு கோரிக்கைக்கும் நீங்களே ஓர் அடையாளம் கொடுங்கள், அதே அடையாளத்தோடு மறுபடி வந்தால் புதிதாக எதுவும் செய்யமாட்டோம், முதலில் சொன்ன பதிலையே திரும்பச் சொல்லுவோம் என்று இருந்தது. மாதிரியில் இருந்ததைப் பார்த்து அவரும் அந்த அடையாளத்தை வைத்துத்தான் அனுப்பியிருந்தார். "பரவாயில்லையே" என்றார், தனக்குத்தானே. சந்தேகத்தின் வாயிலிருந்து பரவாயில்லை! மேலாளர் அக்காவை ஓரக்கண்ணால் பார்த்தார்.

அடுத்தது பார்சல் நின்ற ஊர்கள். சந்தேகம் தன் பழைய நிரலிலிருந்து ஒரு பெரிய துண்டை எடுத்து ஒட்டினார். தனி ஊரா வந்தா இப்படி, பட்டியலா வந்தா அப்படி, ஒன்றுமே வராவிட்டால் இன்னொரு விதம் என்று அக்கா போனில் சொல்லிச் சொல்லி எழுதவைத்த துண்டு அது. புதுப் பதில் பட்டியலாக வந்தது, ஒரே ஊர்தான் அதில். இன்னொரு பார்சலைக் கேட்டார், காலிப் பட்டியல். இன்னொன்று, மறுபடி பட்டியல். கொஞ்சம் யோசித்தார். பிறகு அந்தப் பெரிய துண்டை ஒவ்வொரு வரியாக அழிக்க ஆரம்பித்தார். ஒரேயடியாக அழித்திருக்கலாம், ஆனால் ஆசை தீர ஒவ்வொன்றாக அழித்தார். பழைய முள்ளைப் பிடுங்குகிற சுகம் அந்த முகத்தில். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, சொல்லவும் வழியில்லை, முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசியாக ரத்து.

டாக்குமெண்டில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். பார்சல் எண் வேண்டும், "காரணம்" வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். என்ன காரணம் சொல்லலாம், எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. மேலே போனார், கீழே போனார், முதல் பக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்தார்.

அக்கா அப்போதுதான் பார்த்தாள். முகவரி தவறு, வாங்கியவர் மறுத்தார், கடையே திரும்பக் கேட்டது, சாமான் சேதம் என்று கிடங்கில் எல்லாரும் தூக்கத்தில்கூடச் சொல்லுகிற காரணங்கள். சர்வரில் எழுதியிருந்தாள், டாக்குமெண்டில் எழுதவே இல்லை. எழுதாததுகூட அவளுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் விட்டுப்போன வரிகளை மனசு தானே நிரப்பிக்கொண்டது. இத்தனை பேரை ஊகிக்கச் சொன்னவள், இந்த ஒரு பக்கத்தை யாரிடமும் காட்டவில்லை. போச்சு! எல்லாம் போச்சு! தங்கைக்கு என்ன சொல்லுவது? நர்ஸை வைத்துக்கொள்ளடி என்றா?

சந்தேகம் நாற்காலியைத் திருப்பினார். அக்காவைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மேலாளர் பேனா மூடியைக் கடிப்பதை நிறுத்திவிட்டார். அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

எந்தக் கேள்வியும் காதில் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது சந்தேகம் மறுபடி திரைப்பக்கம் திரும்பியிருந்தார். காரணம் என்கிற இடத்தில் "எனக்குப் பிடிக்கவில்லை" என்று அடித்து, நிதானமாக ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அனுப்பினார்.

பதில் வந்தது. தப்பு. "காரணம்" ஃபீல்டில். நீங்கள் அனுப்பியது "எனக்குப் பிடிக்கவில்லை". வேண்டியது இவற்றில் ஒன்று: முகவரி தவறு, வாங்கியவர் மறுத்தார், கடை திரும்பக் கேட்டது, சாமான் சேதம்.

அக்கா மறந்ததை அது மறக்கவில்லை.

சந்தேகம் "கடை திரும்பக் கேட்டது" என்று மாற்றி அனுப்பினார். பார்சல் ரத்தானது. லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து கையை உதறினார். "முடிஞ்சுது."

"இப்ப வாயைத் திறக்கலாமா?" என்றாள் அக்கா மேலாளரிடம். அவர் தலையாட்டியதும், "சார், அங்க நீங்க என்னைத்தானே கேட்க வந்தீங்க? அந்தப் பக்கத்துல நான் காரணங்களை எழுதவே இல்லை. என் தப்பு அது. ஏன் கேட்கலை?" என்று படபடவென்று கொட்டினாள்.

"கேட்கத்தான் வந்தேன்" என்றார் சந்தேகம். "எடைக்குச் சொல்லுச்சு, தேதிக்குச் சொல்லுச்சு. இதுக்கு மட்டும் சொல்லாமலா போகும்னு தோணுச்சு. உங்களைக் கேட்கறதுக்குப் பதில் இதையே கேட்டுப் பார்ப்போமேன்னு வேணும்னே தப்பா அனுப்பினேன்." அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கியது. "அது சரி அக்கா, இனிமே நாம எப்பப் பேசறது?"

அக்காவுக்கு என்னவோ போல ஆகிவிட்டது. திட்டிக்கொண்டே எடுத்த போன்தான், ஆனாலும் அந்த மனிதரின் இருமல் எப்போது வரும் என்றுகூட அவளுக்குத் தெரியும். "மூணு வாரம் கழிச்சுக் கூப்பிடுங்க. பார்சலைப் பத்தி மட்டும் பேசாதீங்க, வேற எதை வேணா பேசலாம்" என்றாள். அவர் சரி என்றார். கிளம்பும்போது, வேற எதை என்றால் எதை என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

அன்றைக்கே அந்தக் காரணங்களை டாக்குமெண்டில் எழுதி, அதைக் கடைகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டு, போனை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு அக்கா ரயிலேறினாள். "ஜேசன் கூப்பிட்டா என்ன சொல்லட்டும்?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார் அவர். இந்த முறை அவள் முறைக்கவில்லை.

ரயிலை விட்டு இறங்கி வந்தவளைத் தங்கை மேலும் கீழும் பார்த்தாள். கைப்பையை வாங்கித் துழாவினாள். போன் இல்லை. அப்புறம்தான் கட்டிக்கொண்டு அழுதாள், நிறைமாத வயிறு நடுவில் இடிக்க. "போடி பைத்தியம்" என்றாள் அக்கா, அவள் கண்ணும் சும்மா இல்லை.

பெண் குழந்தை. அறுவை சிகிச்சைதான், ஆனால் தாயும் சேயும் நலம். அக்கா பக்கத்திலேயே இருந்தாள். உள்ளே அழைத்துப் போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், வெளியே கொண்டுவந்தபோது அதே இடத்தில் நின்றாள். குழந்தையை முதலில் வாங்கியதும் அவள்தான். வீட்டுக்கு வந்தபின் துணி துவைத்தாள், சமைத்தாள், தங்கைக்குத் தலை வாரிவிட்டாள், இருவரும் பழைய கதைகளைப் பேசிப் பேசி மாய்ந்தார்கள். இப்படி உட்கார்ந்து பேசி எத்தனை வருஷம் ஆகிவிட்டது!

ஆனால் மனசு என்று ஒன்று இருக்கிறதே. முதல் வாரம் போனது, இரண்டாவதும் போனது. வீட்டுக்காரர் தங்கையின் போனில் தினமும் பேசுவார். "யாராவது கூப்பிட்டாங்களா?" என்பாள். "ஒருத்தரும் இல்லை." "மேலாளர்?" "இல்லை." "நிஜமா ஒருத்தர்கூடவா?" "கடன் அட்டை வேணுமான்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு, குடுக்கட்டுமா?" நல்ல சேதிதான். இதற்குத்தானே அத்தனை பாடும். இருந்தாலும் அக்காவுக்கு எங்கேயோ லேசாகக் குடைந்தது. ஒரு பேச்சுக்காவது கூப்பிடக் கூடாதா?

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம். தங்கையும் குழந்தையும் அசந்து தூங்கினார்கள். அக்கா தங்கையின் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், கதவைச் சாத்தி, அலுவலக எண்ணை அழுத்தினாள். திருட்டுத்தனம்தான், மறுப்பதற்கில்லை. நாலு வார்த்தை விசாரித்துவிட்டு வைத்துவிடலாம் என்று நினைப்பு. எடுத்தது தெரியாத குரல். புதிதாகச் சேர்ந்த பெண் போலிருக்கிறது.

"வணக்கங்க, எந்தக் கடையிலேருந்து பேசறீங்க?"

நான்தான் அக்கா என்று சொல்ல வந்தவளுக்குச் சட்டென்று ஒரு குறும்பு. "துணிக் கடைங்க. உங்க ஏபிஐல பார்சலை ரத்து பண்ணணும். காரணம்ங்கற இடத்துல என்ன அனுப்பறது?"

"அது டாக்குமெண்ட்லயே இருக்குங்க. ரத்துங்கற பக்கத்துல நாலு காரணம் போட்டிருக்கும் பாருங்க, அதுல ஒண்ணு. தப்பா அனுப்பினாலும் கவலைப்படாதீங்க, அதுவே சொல்லிடும். வேற ஏதாவதுங்களா?"

"இல்லைம்மா." அக்கா தயங்கினாள். "இதை யார் எழுதினது?"

"தெரியலைங்களே. நான் வந்து ஒரு வாரம்தான் ஆகுது. யாரோ நல்லா எழுதியிருக்காங்க, இங்க யாருக்கும் போனே வர்றதில்லை. நீங்கதாங்க இந்த வாரம் முதல் ஆள்."

அக்கா போனை வைத்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தாள். சத்தம் கேட்டு, வயிற்றைப் பிடித்தபடி தங்கை வந்து கதவைத் தள்ளினாள். அக்கா கையில் போன். தங்கையின் முகம் மாறியது.

"அக்கா! கூப்பிட்டுட்டாங்களா?"

"இல்லைடி" என்றாள் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டு. "நான்தான் கூப்பிட்டேன். அவங்களுக்கு நான் யாருன்னே தெரியலை!"

அதை அவள் சொன்ன சந்தோஷத்தைப் பார்த்துத் தங்கை ஒரு நொடி திகைத்து நின்றாள். அப்புறம் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, சிரிக்க வைக்காதே, தையல் வலிக்குது" என்று சுவரில் சாய்ந்துகொண்டாள். உள்ளே குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

"நீ நில்லு, நான் போறேன்" என்று அக்கா போனை மேடையிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள்.